ஏரியின் வயிறு

"மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா!" என்று நம் நேயர்களில் ஒரு சாரார் முகத்தைச் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. மற்றொரு சாராரோ, "அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? தூண்டிலைப் போட வேண்டியது; மீன் கடித்தால் இழுக்க வேண்டியது; கடிக்காவிட்டால் வீடு திரும்ப வேண்டியது" என்பார்கள். இரு சாராரையும் கால் மணி நேரம் பொறுத்தருளும்படி வேண்டிக்கொள்கிறோம். நாம் சொல்லப் புகுவது மீன் பிடித்த கதை மட்டும் அல்ல. ஓர் ஏரியில் எவ்வளவு மீன் இருக்கலாம், அவற்றில் எதைப் பிடிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று மனிதன் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை. அந்தக் கணக்கைப் பாராமல் ஒரு நாட்டு மீனை இன்னொரு நாட்டு நீரில் விட்டதனால் விளைந்த நஷ்டத்தின் கதையும் இதிலே அடங்கியிருக்கிறது.

மழை நாளில் ஒரு மீன்

1932-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி. அமெரிக்காவின் தென் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜியா மாகாணத்தில் நல்ல மழை. உலகமெங்கும் பணமுடை தலைவிரித்தாடிய காலம் அது. ஜார்ஜ் பெர்ரி என்பவர் சுமார் இருபது வயதுள்ள குடியானவர். தகப்பனாரை இழந்து, தாயாரையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்தவர். நிலத்தில் ஈரம் மிகுந்து ஏர் பூட்ட முடியாமற் போகவே, நண்பர் ஒருவருடன் மாண்ட்கோமெரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஏரி என்று சொன்னோமே தவிர, ஒக்மல்கீ நதி தன் பழைய போக்கை விட்டு விலகியபோது வளைவாகத் தேங்கி நின்றுவிட்ட நீர்நிலைதான் அது.

இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பொய் மீன். மரத்தில் செய்து வர்ணம் பூசி, கொக்கிகள் மாட்டியது. அதை வீசி இழுத்துக்கொண்டிருக்கையில் நீர் சுழித்தது, தூண்டில் நின்றுவிட்டது. அடியில் கிடக்கும் மரக்கட்டையில் சிக்கிக்கொண்டதோ என்று பெர்ரி எண்ணினார். கட்டை நகர ஆரம்பித்தது! வெளியே வந்த மீனை அருகிலுள்ள ஹெலினா என்ற ஊரில் நிறுத்துப் பார்த்தார்கள். 22 ராத்தல் 4 அவுன்ஸ். அதாவது சுமார் பத்து கிலோ. நீளம் முப்பத்திரண்டரை அங்குலம். பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் 75 டாலர் மதிப்புள்ள சாமான்கள் பரிசாக வந்தன. பெருவாய்ப் 'பாஸ்' என்னும் அந்த ஜாதியில் அதைவிடப் பெரிய மீனை 77 வருஷ காலம் ஒருவரும் பிடித்துக் காட்டவில்லை.

அந்த உலகப் பிரசித்தி பெற்ற மீன் எந்தக் காட்சிசாலையில் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். எங்கும் இல்லை. பெர்ரியின் வீட்டார் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! வீட்டில் பல வாய்கள்; காலமோ பஞ்ச காலம். அவர்கள் செய்ததில் தவறு சொல்ல நமக்கு மனமில்லை.

பாஸ் என்னும் மீன்

அமெரிக்கர்கள் இந்த மீனிடம் கொண்டிருக்கும் மோகம் நமக்குச் சற்று ஆச்சரியமாகவே இருக்கும். பச்சை நிற உடல். பக்கவாட்டில் கரிய பட்டை. கண்ணையும் தாண்டிப் பின்னே போகிற அகன்ற வாய். நீரில் விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலிலோ, பாசிப் புதரின் ஓரத்திலோ அசையாமல் காத்திருக்கும். சிறு மீன், தவளை, நண்டு எது அகப்பட்டாலும் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விடும். தூண்டிலில் மாட்டினாலோ நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறிக் கொக்கியைக் கழற்றப் பார்க்கும். இந்தச் சண்டைக்காகத்தான் ஜனங்கள் விடியற்காலையில் படகேறுகிறார்கள்.

இவ்வளவு முரட்டு மீனுக்குக் குடும்ப வாழ்க்கையில் ஒரு சிறப்பு உண்டு. வசந்த காலத்தில் நீர் சற்று வெதுவெதுப்பானதும் ஆண் மீன் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையைக் காப்பதும், பொரித்த குஞ்சுகளைச் சில நாட்கள் கூட்டமாக வைத்துப் பாதுகாப்பதும் தகப்பனாரின் வேலை. நம் ஊர்க் குளத்தில் விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அந்த நாட்டு நீர்நிலைகளில் பாஸின் முக்கியமான ஆகாரம் 'ப்ளூகில்' என்னும் நீலச் செவுள் மீன். உள்ளங்கை அகலமுள்ள இந்த மீன் பூச்சி புழுக்களைத் தின்று வாழ்வது. பெருகுவதில் இதற்கு இணை கிடையாது; ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வேடிக்கை என்னவென்றால், பாஸும் ப்ளூகில்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பங்காளியைப் பங்காளி விழுங்கித்தான் அந்த ஏரிகளில் நியாயம் நிலைநிற்கிறது!

அலபாமாவில் ஓர் ஆராய்ச்சி

1930-களில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் மண் அரிப்பினால் விளைநிலங்கள் பாழாகிக்கொண்டிருந்தன. குடியானவர்கள் ஓடைகளுக்குக் குறுக்கே மண் கரை போட்டுச் சிறு குளங்களை உண்டாக்கினார்கள். மாட்டுக்குத் தண்ணீர், மண்ணுக்குக் காப்பு, வீட்டுக்கு மீன் என்று மூன்று லாபங்களை எதிர்பார்த்தார்கள். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது மட்டும் இரண்டு மூன்று வருஷங்களில் கைவிட்டுப் போயிற்று. குளம் நிறைய மீன் துள்ளும். பிடித்துப் பார்த்தால் எல்லாம் விரல் நீளத்துக்கு மேல் இல்லை.

இதற்கு அக்காலத்தில் அனைவரும் அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: "சர்க்கார் பண்ணையிலிருந்து இன்னும் கொஞ்சம் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடு" என்பது. அந்த வைத்தியமே நோயை வளர்க்கிறது என்று கண்டுபிடித்தவர் ஹோமர் ஸ்விங்கில். அவர் 1929-ல் அலபாமா மாகாணத்தின் ஆபர்ன் நகரிலுள்ள கல்லூரிக்குப் பூச்சிகளை ஆராய்வதற்காக வந்தவர். பூச்சியிலிருந்து மீனுக்குத் தாவினார், ஈ. வி. ஸ்மித் என்ற நண்பரும் உடன் சேர்ந்துகொண்டார்.

அவர்கள் செய்தது மிகவும் எளிய காரியம். சிறு குளங்களை வெட்டினார்கள். ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் அதிகமாகவும் மீன் குஞ்சுகளை விட்டார்கள். பிறகு தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, உள்ளே இருந்த மீன்களை ஒன்றுவிடாமல் எண்ணி நிறுத்தார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. நூற்றுக்கணக்கில் விட்டாலும் ஆயிரக்கணக்கில் விட்டாலும் குளத்திலுள்ள மீன்களின் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! குறைவாக விட்ட குளத்தில் ஒவ்வொரு மீனும் சட்டிக்கு ஏற்ற அளவு வளர்ந்திருந்தது. அதிகமாக விட்ட குளத்தில் எல்லாம் பொடியாகவே நின்றுவிட்டன.

பத்துப் பேருக்கு வடித்த சாதத்தை நூறு பேருக்குப் பரிமாறினால் என்ன ஆகும்? பந்தி நிறைந்திருக்கும், வயிறு நிறையாது. அதுபோல ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு வயிறு உண்டு. அதன் அளவை நிர்ணயிப்பது நாம் விடும் குஞ்சுகள் அல்ல. அந்த நீரில் விளையும் உணவே ஆகும். உரமிடாத குளம் ஏக்கருக்குச் சுமார் நூறு, இருநூறு ராத்தல் மீனைத் தாங்கியது. அதே குளத்தில் உரமிட்டால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகி, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றால் பூச்சி புழுக்களும் பெருகி, நானூறு ஐந்நூறு ராத்தல் வரை தாங்கிற்று. உரம் போதுமா என்று பார்க்கக் குடியானவர்களுக்கு யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. முழங்கை வரையில் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் உரம் போதாது. பச்சை நிறத்தில் மறைந்துவிட்டால் போதும்.

ஆனால் மொத்த எடை மட்டும் இருந்து என்ன பயன்? அது பொடி மீனாக இல்லாமல் உண்பதற்கேற்ற மீனாக இருக்க வேண்டுமே! அதற்குத்தான் பாஸ். உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு ஆயிரம் அல்லது ஆயிரத்தைந்நூறு ப்ளூகில் குஞ்சுகளுக்கு நூறு பாஸ் குஞ்சுகள் என்ற விகிதத்தைத் தென் மாகாணங்களுக்கு அவர்கள் சிபாரிசு செய்தார்கள். பாஸ் பொடியைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். மிஞ்சியவை நன்றாக வளரும். இரண்டையும் மனிதன் அளவோடு எடுத்துக்கொள்ளலாம். 1950-ல் ஸ்விங்கில் வெளியிட்ட நூலில் இந்தச் சமநிலைக்கு எண்களையே கொடுத்துவிட்டார். ஒரு ராத்தல் வேட்டை மீனுக்கு மூன்று முதல் ஆறு ராத்தல் இரை மீன் இருப்பது உத்தமம். குளத்தின் மொத்த மீன் எடையில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பத்தைந்து பங்கு பிடிப்பதற்கேற்ற அளவுள்ள மீனாக இருப்பது உத்தமம்.

குளத்தின் நாடி

குளத்தின் நிலைமையை அறிய ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடிக்க முடியுமா? கோடையில் கரையோரமாகச் சிறு வலையை இழுத்துப் பார்த்தாலே போதும் என்று ஸ்விங்கில் காட்டினார். வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற விஷயம் இது.

வலையில் அப்போதுதான் பொரித்த ப்ளூகில் குஞ்சுகள் ஏராளமாகவும், நடுத்தர அளவுள்ளவை சிலவும், பாஸ் குஞ்சுகள் சிலவும் வந்தால் குளம் சுகமாக இருக்கிறது. மூன்று நான்கு அங்குலமுள்ள ப்ளூகில்கள் குவியலாக வந்து, பாஸ் குஞ்சு ஒன்றுகூட இல்லாவிட்டால் ப்ளூகில் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பசித்த கூட்டம் பாஸின் கூட்டில் புகுந்து முட்டைகளையே தின்றுவிடுகிறது. தகப்பன் மீன் ஒருவனாக நின்று எத்தனை பேரைத்தான் விரட்டுவான்? பொடி ப்ளூகில்கள் உண்டு, நடுத்தரம் அபூர்வம், தூண்டிலில் வருவதோ பத்து அங்குல பாஸ்கள், அவையும் வயிறு ஒட்டி இளைத்தவை என்றால் நோய் நேர் எதிரானது, பாஸ் மிஞ்சிவிட்டது.

முதல் நோய்க்கு மருந்து, பாஸைக் கொஞ்ச காலம் தொடாமல் ப்ளூகில்லை அள்ளி எடுப்பது. இரண்டாவது நோய்க்கு மருந்து, சிறிய பாஸ்களைப் பிடித்துச் சாப்பிடுவது. சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் குளம் குணமாகாது.

கருணையால் வந்த நெருக்கடி

இங்கேதான் கதையில் ஒரு விசித்திரமான திருப்பம் ஏற்பட்டது. பாஸ் பிடிப்பது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிப் பந்தயமாயிற்று. 1967-ல் ரே ஸ்காட் என்பவர் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்திலுள்ள பீவர் ஏரியில் முதல் பெரிய பந்தயத்தை நடத்தினார். பந்தயத்தில் பிடித்த நூற்றுக்கணக்கான மீன்கள் செத்து மடிவதைக் கண்டு ஜனங்கள் குறைகூறவே, 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு வைத்திருந்து நிறுத்தபின் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்ற இயக்கத்தை அவர் ஆரம்பித்தார். காற்று ஊட்டும் நீர்த்தொட்டிகள் படகுகளிலேயே அமைக்கப்பட்டன. மிகவும் நல்ல காரியம். பெரிய ஏரிகள் பலவற்றில் முதிர்ந்த மீன்கள் இதனால் தப்பின.

ஆனால் நாளடைவில் அது விதியாக இருந்தது போய் விரதமாகவே மாறிவிட்டது. எந்த பாஸையும், எவ்வளவு சிறியதாயினும், வீட்டுக்கு எடுத்துப் போவது பாவம் என்ற மனோபாவம் பரவிற்று. விளைவு? பல சிறு ஏரிகளில் இளைத்த பாஸ்களின் கூட்டம் நிறைந்தது, இரை போதவில்லை, பெரிய மீன் என்பது கனவாயிற்று. ஜீவகாருண்யத்தில் நம்பிக்கையுள்ள நேயர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வேலி போட்ட குளத்தில் அந்த இரக்கம் கணக்கோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு 1970-களில் மிஸ்ஸௌரி மாகாணத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆண்டர்ஸன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தியைப் பரப்பினார்கள். முன்பெல்லாம் சட்டம், "இத்தனை அங்குலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்காதே" என்று சொல்லும். இவர்களோ நடுவில் ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். உதாரணமாக, 12 அங்குலத்துக்குக் குறைந்ததைத் தாராளமாக எடுத்துக்கொள். 12 முதல் 15 அங்குலம் வரையுள்ளதை விட்டுவிடு. அதற்கு மேற்பட்டதில் அளவாக எடுத்துக்கொள். சிறியவற்றை எடுப்பதால் நெருக்கடி குறைகிறது. நடுத்தரமானவை இரையுண்டு பெரிதாகின்றன.

டெக்ஸாஸ் மாகாணத்தில் 1980-ல் நீர் தேக்கப்பட்ட போர்க் ஏரி இதற்குப் பெயர்போன உதாரணம். அங்கே முதலில் 14 முதல் 21 அங்குலம் வரையிலும், பின்னர் 16 முதல் 24 அங்குலம் வரையிலும் உள்ள பாஸ்களைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதித்தார்கள். 1992-ல் அந்த ஏரியில் அகப்பட்ட மீன் ஒன்று 18 ராத்தலுக்கு மேல் நிறுத்தது. அது அந்த மாகாணத்தின் சாதனையாயிற்று. ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. சட்டம், "சிறியதைச் சாப்பிடு" என்று அனுமதிக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஜனங்கள் சிறியவற்றையும் விட்டுவிட்டால் சட்டப் புத்தகத்தில் மட்டும் ஏரி செழிப்பாக இருக்கும்.

பிவா ஏரி சொல்லும் பாடம்

இனிப் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி ஜப்பானுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பெர்ரியின் சாதனை 2009-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி சமன் செய்யப்பட்டது அமெரிக்காவில் அல்ல. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில். மனாபு குரிடா என்பவர் பிடித்த பாஸ், பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாக அதிகம் நிறுத்தது. இரண்டு அவுன்ஸாவது அதிகம் இருந்தால்தான் புதிய சாதனை என்பது விதியாகையால் இருவருக்கும் சம கௌரவம் என்று தீர்ப்பாயிற்று. குரிடா தூண்டிலில் மாட்டியிருந்த உயிருள்ள இரை என்ன தெரியுமா? ப்ளூகில்! அமெரிக்காவின் வேட்டை மீனும் அதன் இரை மீனும் ஜப்பானின் ஏரியில் எப்படி வந்தன?

பாஸ் 1925-ல் ஆஷி என்ற மலை ஏரியில் விடப்பட்டது. அங்கிருந்து பலர் கை மாறி ஊர் ஊராகப் பரவி, 1974-ல் பிவாவில் காணப்பட்டது. ப்ளூகில்லின் வரலாறு இன்னும் உருக்கமானது. 1960-ல் அமெரிக்கா சென்ற ஜப்பானிய இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிக்காகோ நகர மேயர் அந்த மீன்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். இளவரசரே மீன்களை ஆராய்பவர். ஜனங்களுக்கு நல்ல உணவாகும் என்ற எண்ணத்துடன் அவற்றைக் கொண்டுவந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். எண்ணம் நல்லதுதான். ஆனால் மீன் ஆராய்ச்சிசாலையோடு நிற்கவில்லை.

பிவா மிகவும் புராதனமான ஏரி. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அதில் உண்டு. பாஸையும் ப்ளூகில்லையும் எதிர்த்து வாழும் வித்தையை அவை கற்றிருக்கவில்லை. முட்டையையும் குஞ்சையும் ஒன்று தின்ன, வளர்ந்ததை மற்றொன்று விழுங்கிற்று. சோற்றோடு மாதக்கணக்கில் ஊறவைத்து அந்தப் பிரதேசத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த 'புனாஸூஷி' என்ற பண்டத்துக்குரிய கெண்டை இனம் அருகிப் போயிற்று. பிவாவைச் சூழ்ந்த ஷிகா மாகாணம், பிடித்த பாஸையும் ப்ளூகில்லையும் திரும்ப நீரில் விடலாகாது என்று 2003 முதல் விதித்தது. அமெரிக்காவில் விடுவது தர்மம். பிவாவில் விடுவது குற்றம்! தூண்டில்காரர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். 2005-ல் தேசச் சட்டமும் பாஸைத் தீங்கு செய்யும் அன்னிய உயிர்களின் ஜாபிதாவில் சேர்த்தது. 2007-ல், அப்போது சக்கரவர்த்தியாக இருந்த அகிஹிட்டோ, பிவாக் கரையில் நடந்த விழாவொன்றில் தாம் கொண்டுவந்த மீன் இவ்வாறு ஆனதற்காக மனம் வருந்துவதாகப் பகிரங்கமாகத் தெரிவித்தார். அரியணையில் இருப்பவர் தம் பிழையைச் சபையில் ஒப்புக்கொள்வது சாதாரண விஷயமல்ல. ஆனால் எவ்வளவு பெரியவர் வருந்தினாலும் ஏரியில் விட்ட மீன் திரும்பி வராது.

நம் ஊர் ஏரிகள்

நமக்கும் இந்தப் பாடம் வெகு தூரத்தில் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா மீன் 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் ஜனங்கள் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று இனிப்பாகப் பெயரிட்டார்கள். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். சில மாதங்களிலேயே குஞ்சுகளும் தாயாகிவிடும். வருஷத்தில் பல தடவை ஈனும். ஆகவே ஸ்விங்கில் கண்ட அதே காட்சிதான்: குளம் நிறைய மீன், எல்லாம் பொடி. 1959-லேயே அதை மேலும் பரப்பலாகாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை விதித்தது. அதற்குள் அது தமிழ்நாட்டின் எத்தனையோ ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் குடியேறிவிட்டது. ஏழைகளுக்கு மலிவான உணவாயிற்று என்ற நன்மையை மறைக்க வேண்டியதில்லை. அந்த நன்மையிலும் பெரும் பங்கு, அளவறிந்து பிடிக்கும் இடத்திலேதான் கிடைக்கிறது. பொடியைத் தின்று கூட்டத்தைக் குறைக்க நம் விராலே உதவும் என்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. வேட்டை மீனுக்காக நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

நம் கிராமங்களில் கோடையில் ஏரி வற்றும் சமயத்தில் ஊரார் எல்லோரும் கூடி மீன் பிடிக்கும் திருவிழாவைப் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் பார்க்கலாம். வருஷந்தோறும் ஏரியின் வயிறு காலியாகி, மழையோடு புதிதாக நிரம்ப அது வழி செய்தது. வருஷம் முழுவதும் நீர் நிற்கும் அணைக்கட்டுகளில் இந்த இயற்கை வைத்தியம் நடப்பதில்லை. அங்கே கணக்கை மனிதனேதான் பார்க்க வேண்டும்.

ஆகையால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், மீன் பாசிக் குத்தகை எடுப்பவர்களுக்கும், குஞ்சு விடும் அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். புதிய மீனை ஏரியில் விடுமுன், "இந்த ஏரியின் வயிறு எவ்வளவு? இப்போது அதில் யார் யார் உண்கிறார்கள்?" என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு நாள் கரையோரம் வலையை இழுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடையை அந்த ஏரிக்கரையில் வயது கழிந்த வலைஞர்களிடம் கேளுங்கள். எந்த மீன் எந்த வருஷம் வந்தது, எது எப்போது காணாமற் போயிற்று என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.